கிணற்றடி மதில்

எங்களூர்ப் பொதுக் கிணற்றடிக்கு ஒரு மதில் இருக்கிறது. சீமெந்துக் கல்லால் ஆறடிக்கு உயர்த்தி, உட்பக்கம் மட்டும் பூசிய மதில். வெளிப்பக்கம் பூசக் காசு போதவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதை ஒரு பொருட்டாகப் பார்க்கமாட்டார்கள். எங்களுக்கோ அந்த மதில் எழும்ப 6 ஆண்டுகள் சென்றன. அதற்கு முன்னே ஒரு பிள்ளையின் உயிரும் போனது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது என்னுடைய பிழையும் இதில் வரும். அதை மறைத்துவிட்டு எழுதுவதென்றால் எழுதாமலே விட்டுவிடலாம்.

வன்னியில் குளத்தடிக் கிராமத்தில் பிறந்தவள் நான். எங்கள் சிறுவயதில் குளிப்பு என்றால் குளம்தான். குளக்கட்டில் நின்ற மருதமரத்துக்கு இந்தப் பக்கம் பெண்கள் துறை, அந்தப் பக்கம் ஆண்கள் துறை. அப்படியென்று ஒரு பலகையும் இருந்ததில்லை. யாரும் சட்டம் போட்டதுமில்லை. செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்குத் தோய்ச்சல் நாட்கள். அரப்பும் சீயாக்காயும் அவித்த சட்டியோடு அம்மா, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒன்றாகப் போவார்கள். குறுக்குக் கட்டோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஊர்க்கதை முழுவதும் பேசி முடிப்பார்கள். அந்த நேரத்தில் மாடு சாய்த்துக்கொண்டு கட்டால் வருகிற ஆண்கள் தூரத்திலேயே பெரிதாகச் செருமுவார்கள். எங்கள் பெரியப்பா செருமுவது அரைக் கட்டைக்குக் கேட்கும். அதைக் கேட்டதும் பெண்கள் கழுத்தளவுக்கு அமிழ்ந்துவிடுவார்கள். அவர் குனிந்த தலை நிமிராமல் போய்விடுவார். எங்களூரின் குளிப்புச் சட்டம் இவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் குளத்தில் நீந்தப் பழகியவர்கள் எல்லாம் பொடியன்கள். என் அண்ணன் ஏழு வயதில் அக்கரைக்கு நீந்திப் போவான். எங்களுக்குக் கரைக்கல்லைப் பிடித்துக்கொண்டு காலடிக்க மட்டுமே அனுமதி. "குமர்ப்பிள்ளைக்கு நீச்சல் என்னத்துக்கு?" என்பார் அம்மம்மா. எங்களுக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருமுறை கீரிமலைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கடலோரத்தில் நன்னீர் ஊற்றுக் கேணி இருக்கிறதல்லவா? ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. பெண்களின் கேணியைச் சுற்றி மறைப்பு. உள்ளே போனதும் அம்மா சீலையை ஒதுக்கிவிட்டு, யார் வருகிறார் என்று திரும்பிப் பாராமல், நெடுநேரம் தண்ணீரில் நின்றார். "எவ்வளவு நிம்மதி" என்று அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் குளத்தை விட அந்தக் கேணி சிறியதாயிற்றே, இதில் என்ன நிம்மதி என்று நினைத்தேன்.

அது விளங்கியது 2009இல்.

அந்த ஆண்டு வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனங்கள் வவுனியா மாவட்டத்திலும் பிற இடங்களிலும் முகாம்களில் அடைபட்டிருந்தோம். மிகப் பெரியது செட்டிகுளத்தில் காட்டை வெட்டி அமைத்த மெனிக் பாம். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று ஒவ்வொரு வலயத்துக்கும் பெரியவர்களின் பெயர். அருவி ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்தும், பவுசரில் கொண்டுவந்தும் தாங்கிகளில் நிரப்புவார்கள். வரிசையில் வாளியை வைத்துவிட்டு வெயிலில் காத்திருக்கவேண்டும். செங்கமாரி, வயிற்றோட்டம், கொப்புளிப்பான் எல்லாம் அந்த நெருக்கத்தில் பரவின. ஓகஸ்ட் மாதத்து மழையில் கூடாரங்களுக்குள்ளேயே வெள்ளம் ஏறியது.

நான் இருந்த பகுதியில் குளிப்பதற்கென்று சீமெந்துத் தளமும் தொட்டியும் இருந்தன, சுற்றிவரத் தறப்பாள். காற்று அடித்தால் அந்தத் தறப்பாள் ஒரு பக்கம் மேலே எழும்பும். ஒருத்தி குளிக்கும்போது இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர்கள் குளிக்கும்போது நாங்கள் பிடிப்போம். என் தங்கச்சி அந்த நாட்களில் ஐந்து நாட்களுக்கு ஒருமுறைதான் குளித்தாள். ஏனென்று கேட்டால், "ஆரிட்டையும் தறப்பாள் பிடிக்கச் சொல்லிக் கேட்க வெக்கமா இருக்கு அக்கா" என்பாள்.

அனர்த்த காலத்துக்கென்று உலகத் தொண்டு நிறுவனங்கள் கூடி 'ஸ்பியர்' என்ற பெயரில் ஒரு கைந்நூல் வைத்திருக்கின்றன என்பதைப் பிற்காலத்தில் ஒரு பயிற்சிப் பட்டறையில் அறிந்தேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, 100 பேருக்கு ஒரு துணி தோய்க்கும் தொட்டி என்றெல்லாம் 2004ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுதியிருக்கிறது. அதே இடத்தில், பெண்களுக்கு மறைவான குளிக்கும் இடமும் துணி தோய்க்கும் இடமும் இருக்கவேண்டும் என்றும் இருக்கிறது. அதை வாசித்ததும் நான் அழுதுவிட்டேன். பயிற்சி நடத்தியவர் பயந்துபோனார். தண்ணீரின் அளவைப் போல எங்கள் மானத்தையும் ஒரு தேவையாகக் கணக்கில் எடுத்து எங்கோ யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம். அவருக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

2010இல் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவில்லை, வளவு பற்றைக்காடு. கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கித் தந்தார்கள். குளக்கரையில் எங்கள் மருதமரம் இல்லை. ஆனால் எங்களை உண்மையில் அடித்தது வேறொன்று. முன்னர் பொதுக் கிணற்றடியைச் சுற்றி வேலிகளும் வாழைகளும் பூவரசும் நின்றன. ஒற்றையடிப் பாதைதான் பக்கத்தால் போனது. இப்போது வேலிகளும் இல்லை, மரங்களும் இல்லை. பாதையை அகட்டிக் கிறவல் போட்டு நல்ல றோட்டாக்கியிருந்தார்கள். றோட்டு வேண்டியதுதான், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கிறவல் ஏற்றிய டிப்பர்களும், கம்பனி வாகனங்களும், சீருடைக்காரரும் நாள் முழுவதும் போய்வருகிற பாதையில் இருந்து இருபது முழத்தில் கிணறு. கப்பியும் கயிறும் கூட எல்லோருக்கும் தெரியும்படி நின்றன. மறைவென்று ஒரு கிடுகுத் துண்டும் இல்லை.

அதனால் விடியற்காலை நாலரை மணிக்குப் போனோம். இல்லாவிட்டால் இரவு ஏழரைக்குப் பிறகு. இருட்டில் பாம்பு, பூரான், வழுக்கிய கட்டு. உடுத்த உடுப்போடு நாலு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு ஓடிவருவதுதான் குளிப்பு. எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் மாதக் கிளினிக்கில், "ஏன் இந்தக் கிராமத்துப் பிள்ளையளுக்கு மட்டும் இவ்வளவு தோல் வருத்தமும் சிறுநீர்க் கடுப்பும்?" என்று கேட்டார். ஈர உடுப்போடு நின்று, மாதவிடாய் நாட்களில்கூட ஒழுங்காகக் கழுவ இடமில்லாமல் இருந்தால் வேறென்ன வரும்?

இனி என் பிழைக்கு வருகிறேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் அப்போது செயலாளர். 2013ஆம் ஆண்டு கோடையில் ஒரு கூட்டம் முடிந்ததும் நான்கைந்து பெண்பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று முறையிட்டார்கள். கிணற்றடிக்குப் போனால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் வேண்டுமென்றே நிறுத்திக் கைபேசியை நீட்டுகிறார்களாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதம் எழுதவில்லை, பொலிசுக்குப் போகவில்லை. "கொஞ்ச நாளைக்குக் குளத்தின்ரை கிழக்கு மூலைக்குப் போங்கோ பிள்ளையள். அங்கை நாணல் நிக்குது, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். அந்த மூலை சிறுவயதில் நான் அறிந்த மூலை. முழங்கால் அளவு தண்ணீர், வெண்மணல்.

நான் அறிந்த மூலை அல்ல அது. யாரோ இரவோடிரவாக மணல் அள்ளிக் குழி வெட்டியிருந்தார்கள். இந்நாட்டில் மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் குளத்து மணலுக்கு அன்று கேட்பார் இல்லை. மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத் தெரியும். ஒரு அடி எடுத்து வைத்தால் இரண்டு ஆள் ஆழம்.

மூன்று பிள்ளைகள் போனார்கள். ஒருத்தி கால் தவறினாள். கையைக் கொடுத்த மற்றவளும் விழுந்தாள். மூன்றாமவள் கத்தினாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் ஓடிவந்து கையில் இருந்த கம்பை நீட்டினார். ஒருத்தி பிடித்தாள். மற்றவளுக்கு 15 வயது. அன்றைக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தவணைப் பரீட்சை.

செத்தவீட்டில் அவளின் தாய் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் சொன்ன சொல் அவருக்கு அப்போது தெரியாது. எட்டுச் செலவு முடிந்த பிறகு நானே போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "நீ சொல்லாட்டிலும் அதுகள் எங்கை போய்க் குளிக்கிறது, தங்கச்சி?" என்று கேட்டார். நான் செய்தது சரியென்று அவர் சொல்லவில்லை. ஒரு கேள்வியைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் நான் எங்கள் பிரதேசத்துச் சபைக் கந்தோருக்குப் போனேன்.

முதல் முறை போனபோது கிடைத்த பதில்: "குடிநீர்க் கிணறு எண்டால் ஒரு தலைப்பு இருக்கு. குளிக்கிறதுக்குத் தலைப்பு இல்லை அம்மா." இரண்டாம் முறை: "உது நலன்புரி வேலை. ஏதும் தொண்டு நிறுவனத்திட்டைக் கேளுங்கோ." மூன்றாம் முறை போனபோது அந்த உத்தியோகத்தரே மாறிவிட்டார். புதிதாக வந்தவர் பழைய கடிதம் கோவையில் இல்லை என்றார். ஊரில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் அழுதேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அழுது பிரயோசனமில்லை. சட்டத்தைக் காட்டு" என்றார்.

சகோதரிகளே, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவை அவர் எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதும் நிருவகிப்பதும், பொதுவாக மக்களின் வசதியையும் நலனையும் பேணுவதும் சபையின் கடமை என்பது அதன் சாரம். பொது இடங்களை ஒழுங்குபடுத்தத் துணைவிதிகள் ஆக்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. "பொதுச் சுகாதாரம் எண்டால் குளிப்பு அதுக்குள்ளை வராதோ? உன்ரை கடிதத்திலை முதலிலை இந்தப் பிரிவைப் போடு. பிறகுதான் உன்ரை துயரம்" என்றார். அதுவரை நான் எழுதிய கடிதங்களில் துயரம் மட்டும்தான் இருந்தது.

அவரிடம் வேறும் பல கதைகள் இருந்தன. இங்கிலாந்தில் தொழிற்சாலை நகரங்களில் ஏழைகள் குளிக்க இடமில்லாமல் நோயில் மாண்டபோது, 1846இல் பொதுக் குளியலறைகளுக்கும் துணி தோய்க்கும் கூடங்களுக்கும் என்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்களாம். அநுராதபுரத்து இரட்டைக் குளத்தில், தண்ணீர் குளத்துக்குள் விழுமுன் மண்டி அடையவென்று சிறு தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள் பழைய ஆட்கள். பொதுத் தண்ணீரை வேண்டுமென்று பழுதாக்குகிறவனுக்கு எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் தண்டனை இருக்கிறது. "எல்லாம் இருக்குப் பிள்ளை. எடுத்துக் காட்ட ஆளில்லை" என்பார்.

இன்னொன்றும் அவர் சொன்னார்; அதை எழுதலாமா விடலாமா என்று யோசித்தேன். பொதுக் கிணறு என்ற பெயரில் இருந்த கிணறுகளில் எல்லோரும் அள்ள முடியாத காலம் எங்கள் நாட்டில் இருந்தது. அதனால்தான் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒருவரை மறிப்பது அதன்படி குற்றம். அது பழங்கதை என்று நினைத்திருந்தேன். மதில் கட்டுவதைப் பற்றிச் சங்கத்தில் பேச்செடுத்தபோது, ஒரு பெண் மெல்ல என்னை ஒதுக்கி, "மதில் கட்டிக் கதவு போட்டால் திறப்பு ஆரிட்டை இருக்கும்? வாய்க்காலுக்கு அங்காலை இருக்கிற ஆக்களும் உள்ளுக்கு வருவினமோ?" என்று கேட்டார். வாய்க்காலுக்கு அப்பால் இருப்பவர்கள் மலையகத்தில் கலவரத்துக்குத் தப்பி 1977க்குப் பின் வந்து குடியேறிய குடும்பங்கள். முகாமில் ஒரே தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். எனக்கு வந்த கோபத்தில் கூட்டத்திலேயே சத்தமாக அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். எவரும் வாய் திறக்கவில்லை. இறந்த பிள்ளையின் தாய் மட்டும், "என்ரை பிள்ளைக்குக் கையைக் குடுத்து விழுந்து தப்பினது வாய்க்காலுக்கு அங்காலை இருக்கிற பிள்ளைதான்" என்றார். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. அல்லது என் காதில் விழாமல் போனது.

ஆண்கள் தரப்பிலும் ஆட்சேபம் வந்தது. மறைப்புக் கட்டினால் இரவில் கூடாத வேலைகளுக்கு இடமாகும் என்றார்கள் சிலர். "நாங்கள் எங்கை குளிக்கிறது?" என்றார்கள் சிலர். இரண்டாவது கேள்வி நியாயமானது. காலை ஐந்தரையில் இருந்து எட்டு வரையும் மாலை நாலில் இருந்து ஆறு வரையும் பெண்களுக்கு, மற்ற நேரம் ஆண்களுக்கு என்று பேசி முடித்தோம். கயிறு, வாளி எல்லோருக்கும் பொது. கிணற்றுக்கட்டில் நின்று சவர்க்காரம் போடக்கூடாது, அழுக்குத் தண்ணீர் வாழைக்குப் போகக் கான் வெட்டவேண்டும் என்பதும் அப்போது போட்ட ஒழுங்குதான். சபை துணைவிதி ஆக்கும்வரை எங்கள் துணைவிதி இது.

கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. இடையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இல்லாமல் செயலாளரின் பொறுப்பில் சபை ஓடிய காலமும் வந்தது. 2018 பெப்ரவரி 10ஆந் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில்தான் முதன்முதலாகப் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. எங்கள் சபைக்கும் பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நாலரை மணிக்கு நேரே கிணற்றடிக்கு வந்தார். விடியற்காலை நாலரை. டோர்ச் வெளிச்சத்தில் நாங்கள் குளிப்பதைக் கண்டார். "நானும் இப்பிடித்தான் குளிக்கிறனான்" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஆனால் அடுத்த கூட்டத்தில் பிரேரணை கொண்டுவந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது உங்களுக்கு நினைவிருக்கும். இரணைமடு வான்கதவுகள் திறந்த இரவை யாரும் மறக்கமாட்டார்கள். எங்கள் கிணற்றுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. வடிந்த பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றை இறைப்பித்து, ரி.சி.எல். தூள் கரைத்து ஊற்றினார். சும்மா கைக்கணக்கில் கொட்டக்கூடாது என்று எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார். கிணற்றின் அகலத்தை அளந்து பாதியாக்கி, அதை அதனாலேயே பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கவேண்டும். எங்கள் கிணறு பத்தடி அகலம், எட்டடித் தண்ணீர். ஏறத்தாழ 17,800 லீற்றர். அதற்கேற்பத்தான் மருந்து. குடிக்கும் தண்ணீரில் அரை மணி நேரத்துக்குப் பிறகும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அளவு குளோரின் மிஞ்சி நிற்கவேண்டுமாம். இதையெல்லாம் எழுதி எடுத்த பிள்ளைகள் இன்றும் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிந்திய திருத்த வேலைகளோடு எங்கள் மதிலும் சேர்ந்தது. 2019இல் கட்டி முடிந்தது.

மதில் வந்துவிட்டது. ஆனால் குளம் அங்கேயே இருக்கிறது, என் மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள். அவள் குளக்கட்டால் பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு நாளும் எனக்கு வயிற்றைப் பிசையும். 2004 சுனாமியில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மாண்டார்கள் என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் பல கிராமங்களின் கணக்கோடு எழுதியது. தமிழ்நாட்டின் கடலூரில் ஆண்களைப் போல ஏறத்தாழ மும்மடங்கு பெண்கள். எங்கள் மட்டக்களப்புக் கரையில் பெண்கள் கடலில் குளிக்கிற நேரத்தில் அலை வந்ததாம். நீச்சலும் மரம் ஏறுதலும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் பழக்கப்பட்டதும் ஒரு காரணம் என்று எழுதியிருந்தார்கள். அம்மம்மாவின் "குமர்ப்பிள்ளைக்கு நீச்சல் என்னத்துக்கு" என்ற சொல் அப்போது என் காதில் கேட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஜூலை 25ஐ நீரில் மூழ்குதலைத் தடுக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது.

ஆகவே நகரத்தில் ஒரு நீச்சல் தடாகத்தில் மாணவிகளுக்குப் பயிற்சி என்று மகள் கடிதம் கொண்டுவந்தபோது நான் ஒப்பம் வைத்தேன். வீட்டில் பெரிய சண்டை. அவளின் அப்பம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. உடுப்பைப் பற்றித்தான் சண்டை என்று சொல்லத் தேவையில்லை. முழங்கால் வரைக்கும் கையும் மூடிய நீச்சலுடுப்பு இருக்கிறது என்று காட்டிய பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். முதல்நாள் நானும் கூடப் போனேன். வாசலில் ஒரு பலகை முழுவதும் விதிகள். ஆழம் எத்தனை அடி என்று கரையில் எழுதியிருக்கவேண்டும், காவலர் இல்லாமல் இறங்கக்கூடாது, வயிற்றோட்டம், புண் உள்ளவர்கள் வரக்கூடாது, ஓடக்கூடாது, இறங்குமுன் குளிக்கவேண்டும். வீட்டில் வந்து சொன்னபோது அப்பம்மா சிரித்தார்: "குளிக்கப் போறதுக்கு முதலும் குளிப்போ?"

அங்கிருந்த பயிற்றுநர் பெண் எனக்கு விளங்கப்படுத்தினார். தடாகத் தண்ணீரில் லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கவேண்டும். அமிலத்தன்மையைக் காட்டும் எண் 7.2க்கும் 7.8க்கும் இடையில் நிற்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் தடாகங்களுக்கென்று 2006இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள அளவு அது. குளிக்காமல் இறங்கினால் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து வேறொரு பொருளாகிக் கண்ணை எரிக்கும். மருந்து மணம் கூடினால் தண்ணீர் நல்ல சுத்தம் என்று நாங்கள் நினைப்போம். அது பிழையாம், அழுக்குக் கூடினால்தான் அந்த மணம் கூடும். என்னைச் சிந்திக்கவைத்தது வேறு. ஒவ்வொரு நாளும் ஒருவர் தண்ணீரை எடுத்துச் சோதித்து ஒரு புத்தகத்தில் எழுதி ஒப்பம் வைக்கிறார். ஆழம் எழுதியிருக்கிறது. ஒரு கம்பு, ஒரு மிதவை, ஒரு காவலர். எங்கள் குளத்து மூலைக்கும் ஆழம் எழுதிய ஒரு பலகை இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு கரையில் நின்றேன். என் மகள் அதற்குள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்துவிட்டாள்.

இப்போது அவள் ஐம்பது மீற்றர் நீந்துவாள். எனக்கு இன்னும் நீச்சல் தெரியாது.

குளத்தின் கிழக்கு மூலையில் பலகை ஒன்று வைக்கச் சொல்லிக் கமக்காரர் அமைப்பு ஊடாகக் கேட்டிருந்தோம். வைத்தார்கள். "ஆழமான குழி, இறங்கவேண்டாம்" என்று எழுதியிருக்கிறது. ஒரு மாரியில் பலகை சாய்ந்தது. பொடியன்கள் நிமிர்த்தி வைத்தார்கள்.

மதிலின் திறப்பு இறந்த பிள்ளையின் தாயிடம்தான் இருக்கிறது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். காலை ஐந்தரைக்கு வந்து திறப்பார். எட்டுக்கு ஆண்கள் வருமுன் ஒருமுறை கட்டைக் கூட்டிக் கழுவிவிடுவார். வாய்க்காலுக்கு அங்காலை இருந்து வருகிற பிள்ளைகளுக்கு வாளி கனமென்றால் அவரே அள்ளிக் கொடுப்பார். போன மாதம் கதவின் கொண்டி கழன்றுவிட்டது. கம்பியால் கட்டி வைத்திருக்கிறோம். காற்றுக்கு அது நிற்காது. 3ஆம் பிரிவை முதல் வரியில் போட்டுக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.